பாயிண்டைக் கழற்றுமுன் புஷ்ஷை ஆட்டிப் பாருங்கள்

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ டீசல் என்ஜின் போடப் போறீங்க?" என்பதுதான். பெட்ரோல் பங்கில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டாரே வந்து கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பில் வந்த ஹரிக்கேன் என்ஜின் 2.2 லிட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கினால் பெட்ரோல் முள் கண்ணெதிரே சரியும். இந்த ஒரே காரணத்துக்காக நம் ஊரில் ஏகப்பட்ட பெட்ரோல் ஜீப்கள் டீசலுக்கு மாறிவிட்டன. கொழுக்குமலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்களில் பெட்ரோல் வண்டி ஒன்று என் கண்ணில் பட்டதே இல்லை.

மாற்றியவர்களிடம் கொஞ்சம் தோண்டிக் கேட்டால் இரண்டாவது காரணம் ஒன்று வெளியே வரும். "எப்பப் பார்த்தாலும் மிஸ் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. பாயிண்ட் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓஞ்சு போச்சு." டீசலுக்கு ஸ்பார்க் தேவையில்லை. ஸ்பார்க்கைப் பிறப்பிக்கும் காயில், கண்டென்சர், பாயிண்ட், அதை பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று எதுவும் இல்லை. ஒரே அடியில் தொல்லை தீர்ந்தது. என் கணிப்பில், அப்படித் தூக்கி எறியப்பட்ட ஹரிக்கேன்களில் பலவற்றுக்கு என்ஜின் நன்றாகவே இருந்திருக்கும். கோளாறு உள்ளங்கையளவு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்திருக்கும்.

அந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வில்லீஸ் ஜீப்பின் யுத்தகால 'கோ-டெவில்' என்ஜின் 60 குதிரைத்திறன். அதே அடிக்கட்டையை வைத்துக்கொண்டு, காற்று உள்ளே வரும் வால்வுகளை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். புகை வெளியேறும் வால்வுகள் பழையபடி பிளாக்கிலேயே இருந்தன. திறன் 75 ஆனது, என்ஜின் உயரமும் கூடியது. அந்த உயரத்தை அடக்கத்தான் 1953-ல் வந்த சி.ஜே.3பி-க்கு பானெட்டை மேலே தூக்கினார்கள். அமெரிக்காவில் இந்த மாடல் 1968-ல் நின்றுவிட்டது. இங்கே மஹிந்திரா அதற்குப் பின்னும் பல வருடம் விடாமல் செய்தது. அதனால் இந்த என்ஜினுக்கு நம் ஊர் மெக்கானிக்குகளின் கை நன்றாகவே பழகியது. கூடவே சில கெட்ட பழக்கங்களும் பழகின.

இக்னிஷன் இன்னும் பழசு. சார்லஸ் கெட்டரிங் 1910-வாக்கில் காடிலாக் காருக்குச் செய்துகொடுத்த பேட்டரி-காயில்-பாயிண்ட் ஏற்பாடு எதுவோ, சாரத்தில் அதுவேதான் என் ஜீப்பிலும் இருந்தது. பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஒரு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஏறும். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, உயர் மின்னழுத்தம் பிறந்து, சுற்றும் முனையான ரோட்டார் வழியாக எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்குப் போகும். இந்த என்ஜினில் 1-3-4-2 என்ற வரிசை. ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

இதில் வேகத்தைக் கவனியுங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 ஸ்பார்க். ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி செகண்ட்தான். அதில் பாதி நேரம்கூட பாயிண்ட் மூடியிருப்பதில்லை. ஆட்டோலைட் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ. வைத்தால், ஒரு ஸ்பார்க்குக்குத் தண்டு சுற்றும் 90 டிகிரியில் சுமார் 42 டிகிரிதான் மூடியிருக்கும். லூகாஸ் கம்பெனி என்றால் கணக்கு வேறு: இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., மூடியிருக்கும் கோணம் சுமார் 60 டிகிரி. இரண்டு வகையும் நம் ஊர் வண்டிகளில் பார்க்கலாம். ஒன்றின் அளவை இன்னொன்றில் வைத்துவிட்டு "ஒரிஜினல் பாயிண்ட் கிடைக்கல சார், அதான் மிஸ் அடிக்குது" என்று சொல்பவர்களையும் பார்க்கலாம்.

அதே 3,000 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி நகர ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்கு நேரம் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் காக்கவேண்டிய நேர ஒழுங்கு அவ்வளவு நுணுக்கமானது. அதை ஒரு ஃபைபர் துண்டின் தேய்மானத்தை நம்பி விட்டிருக்கிறோம். பாயிண்டின் காலாக இருந்து, தண்டோடு சுற்றும் மேடுகளான கேம் மேல் உராயும் அந்தத் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க் வரும் நேரம், அதாவது டைமிங், பின்வாங்கும். மூடியிருக்கும் கோணம் ஒரு டிகிரி கூடினால் டைமிங்கும் கிராங்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி பிந்தும். ஓட்டுபவருக்கு ஒரே நாளில் தெரியாது. மெல்ல மெல்ல வண்டி மந்தமாகும். மந்தத்துக்குப் பழகிவிட்டு, "வயசாயிடுச்சு" என்று என்ஜின் மேல் பழி போடுவோம்.

ஆகவே பாயிண்டை எடுத்துவிட்டு, அதன் வேலையைத் தண்டோடு சுற்றும் காந்த வளையமும் ஒரு சென்சாரும் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாம் என்று தோன்றுவது இயற்கை. கிரைஸ்லர் 1973-லேயே தன் கார்களுக்கெல்லாம் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்துவிட்டது. நாம் ஒன்றும் அவசரப்படவில்லை. ஆனால் இந்த மாட்யூலை விற்பவர்கள் சொல்லும் "டபுள் ஸ்பார்க், செம பிக்கப்" கதையை நான் ஏற்கவில்லை. காயில் அதே காயில், அதில் ஓடும் கரண்ட் ஏறத்தாழ அதே கரண்ட் என்றால் ஸ்பார்க்கும் ஏறத்தாழ அதேதான். நல்ல நிலையில் உள்ள புதுப் பாயிண்டையும் மாட்யூலையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினால் எது எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல முடியாது. மாட்யூல் தருவது வலு இல்லை, ஒழுங்கு. இன்று வைத்த டைமிங் அடுத்த தீபாவளிக்கும் அதே இடத்தில் இருக்கும். அது போதும், அதற்காகத்தான் போட வேண்டும்.

அந்த ஒழுங்கு கிடைக்க வேண்டுமானால் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு நேராகச் சுற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குத் தெரியும். டைனமோ காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். மாட்யூல் டப்பாவோடு அவரிடம் போனபோது அதை வாங்கித் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார், ரோட்டாரை எடுத்தார், தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். 'லொடக்' என்றது.

"பாருங்க தம்பி. இது இந்த ஆட்டம் ஆடுனா, அதுல நீங்க கம்ப்யூட்டரே வச்சாலும் ஒண்ணும் நடக்காது."

தண்டு ஆடினால் கேமும் ஆடும். ஒரு சிலிண்டருக்குப் பாயிண்ட் 0.5 மி.மீ. திறக்கும், அடுத்ததற்கு 0.4, அதற்கடுத்ததற்கு வேறொன்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை வைத்து கேமின் எந்த உச்சியில் அளந்தீர்களோ அந்த உச்சிக்கு மட்டும் அளவு சரி. டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கும். கோணம் காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம்: ஐட்லிங்கில் ஒரு அளவும், வேகம் கூட்டினால் மூன்று டிகிரிக்கு மேல் வேறுபட்ட அளவும் காட்டினால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்டின் ஆட்டத்தைப் பாயிண்டைவிட மாட்யூல் நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். காந்த வளையம் கொஞ்சம் கிட்ட வந்தாலும் தள்ளிப் போனாலும் சென்சார் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதனால்தான் ஆடிக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூலைப் போட்டவர்களும் "அடேயப்பா, வண்டி பட்டு மாதிரி ஓடுது" என்கிறார்கள். ஓடும்தான். அந்த ஆட்டம் நிற்கப் போவதில்லை, வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் காந்த வளையம் சென்சாரை உரசும். எங்கே உரசும் என்று சொல்லத் தேவையில்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஐம்பதாவது வளைவுக்கு மேலேதான்.

ஆகவே முதல் செலவு லேத் பட்டறையில். டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாகப் பிரித்து, பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, தண்டை மைக்ரோமீட்டரில் அளந்தோம். தண்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் போட்டும் பிரயோசனமில்லை. நல்லவேளை, புஷ் மட்டும்தான் தேய்ந்திருந்தது. எண்ணெய் ஊறும் வகை வெண்கல புஷ் என்றால் பொருத்துவதற்கு முன் ஒரு ராத்திரி என்ஜின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த புஷ்ஷை அடித்து இறக்கிவிட்டு அப்புறம் மேலே நாலு சொட்டு விடுவது வேறு, ஊறவைப்பது வேறு. பொருத்தியபின் தண்டு தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. லேத் மேஸ்திரி ரீமரைக் கையாலேயே திருப்பித் திருப்பி, தண்டை விட்டுப் பார்த்து, மறுபடி திருப்பி, அவசரமே படாமல் செய்தார். பக்கத்தில் டிராக்டர் ஆக்சிலோடு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரித்தபோதுதான் அடியில் அட்வான்ஸ் எடைகளைப் பார்க்கக் கிடைத்தது. இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் என்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்தள்ளும் வாக்குவம் கிடையாது. வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் வேலை முழுக்க இரண்டு சின்ன எடைகளுக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும்தான். அதில் ஒரு ஸ்பிரிங் ஒரிஜினல். இன்னொன்று எனக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. கடைக்கார அண்ணன் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் காட்டிச் சிரித்தார். எந்தக் காலத்தில், எந்த ஊரில், எந்த மேதை போட்டதோ! ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் எடைகள் சீக்கிரமே விரியும், குறைந்த வேகத்திலேயே அட்வான்ஸ் முழுசாக வந்துவிடும். இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போது என்ஜின் 'டிணிங் டிணிங்' என்று நாக்கிங் அடித்ததற்கு நான் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏற்காடு பங்கில் போட்ட பெட்ரோலையும் சேலத்தில் போட்டதையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியெல்லாம் நடந்தது. பழைய ஸ்கிராப் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றிலிருந்து சரியான ஸ்பிரிங் கிடைத்தது. எடைகள் சுழலும் பின்களைச் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் வைத்தோம். ரோட்டாரைக் கையால் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பி விட்டால் டக்கென்று திரும்பி வர வேண்டும். பிரிக்காமலே யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய பரிசோதனை இது. திரும்பி வராமல் சோம்பலாக நின்றால் உள்ளே துரு இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது.

இத்தனைக்கும் அப்புறம்தான் மாட்யூல். அமெரிக்காவில் பெர்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய வில்லீஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கென்றே இந்தக் கிட்களைச் செய்கின்றன. என் மைத்துனர் லீவில் வரும்போது ஊறுகாய் ஜாடிக்குக் கொடுத்த இடத்தில் இதற்கும் கொஞ்சம் இடம் வாங்கினேன். வேலை எளிது. பாயிண்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு, அதே தட்டில் சென்சாரைத் திருகி, கேம் மேல் காந்த வளையத்தைச் செருகி, அதற்கு மேல் ரோட்டாரை அழுத்தினால் முடிந்தது. சிவப்பு வயர் காயிலின் பாசிட்டிவுக்கு, கருப்பு நெகட்டிவுக்கு. வளையத்தின் தடிமனால் ரோட்டார் கொஞ்சம் உயரமாக உட்காரும். அதனால் மூடியைப் போட்டு, கையால் என்ஜினைச் சுற்றி, உரசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது.

மாட்யூல் சாவது பெரும்பாலும் வேலையில் இல்லை, வயரிங்கில். முதலில் பேட்டரியின் எந்த முனை சேஸிஸுக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் மாட்டினால் ஒரு நொடியில் கதை முடியும், புகை வந்தால் அதிர்ஷ்டம், காரணமாவது தெரியும். அடுத்து, காயிலின் மின்தடையை மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டிக்கு பிரைமரியில் சுமார் 3 ஓம் இருந்தால் 12 வோல்ட்டில் ஓடும் கரண்ட் 4 ஆம்பியர். அது பாதுகாப்பு. 1.5 ஓம் காயில் என்றால் கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து ஓடுவதற்கானது. ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு அதை நேராக மாட்டினால் இரட்டிப்பு கரண்ட் ஓடி மாட்யூல் வெந்துவிடும். ரெசிஸ்டர் இருக்கும் வண்டியில் மாட்யூலின் சிவப்பு வயரை அதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு முழு 12 வோல்ட் கிடைக்கும். என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் வைத்துவிட்டு ரேடியோ கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

பிளக் வயரும் மாற வேண்டும். செப்புக் கம்பி வயர் பாயிண்டுக்குச் சரி. மாட்யூல் இருக்கும் இடத்தில் அது கிளப்பும் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும், கார்பன் கோர் வயர் போட்டுவிடுங்கள். மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பென்சிலால் கிழித்த மாதிரிக் கருங்கோடுகள் தெரிந்தால் அந்த மூடி குப்பைக்கு. அந்தக் கோடு வழியாகத்தான் கரண்ட் திருட்டுத்தனமாகப் பக்கத்து முனைக்குப் போகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்குவதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இந்த என்ஜினில் அதன் தண்டின் நாக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஆயில் பம்பின் தண்டில் உள்ள காடியில் உட்காருகிறது. நாக்கு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருப்பதால் ஒரே விதமாகத்தான் பொருந்தும். ஆனால் யாராவது முன்பு ஆயில் பம்பைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கஷ்டம். டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் எட்டாது. அப்போது சிலர் பிளக் வயர்களை ஓரிடம் தள்ளி மாட்டிச் சமாளித்திருப்பார்கள். உங்கள் ஜீப்பில் முதல் சிலிண்டர் வயர் புத்தகத்தில் சொன்ன இடத்தில் இல்லையென்றால் இந்தப் பழைய கதைதான் காரணம். வண்டி ஓடும். ஆனால் அடுத்து வரும் மெக்கானிக் புத்தகத்தை நம்பினால் அன்றைக்கு ஓடாது.

டைமிங், பிஸ்டனின் மேல் உச்சிக்கு 5 டிகிரி முன்னால். பிளக் இடைவெளி 0.75 மி.மீ. ரோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதால், அட்வான்ஸ் செய்ய டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். இந்த என்ஜின் நம் சாலைகளில் ஓடிய காலத்தில் பங்கில் 83 ஆக்டேன் பெட்ரோலும் விற்றது. இன்றைக்குச் சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே அதைவிடக் கூடுதல். அதனால் 5-க்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி தள்ளினாலும் என்ஜின் தாங்குகிறது. நான் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் நாக்கிங் கேட்டால் திரும்ப 5-க்கு வர வேண்டியதுதான், இதில் பிடிவாதம் கூடாது.

விளைவு? புல்லியின் குறி இப்போது குதிக்காமல் நிற்கிறது. காலையில் சோக்கை இழுத்தால் ஒரே சுழற்றில் பிடிக்கிறது. ஐட்லிங் நிதானமாக இருக்கிறது. மலையில் மூன்றாவது கியரில் விட்டு இழுக்கும்போது இருந்த அந்த நொண்டல் இல்லை. மைலேஜ் கூடியதா என்று கேட்பவர்களுக்குப் பெருமையாகச் சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. 2.2 லிட்டர் என்ஜின் குடிப்பதைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதில் எவ்வளவு புஷ்ஷால், எவ்வளவு ஸ்பிரிங்கால், எவ்வளவு மாட்யூலால் என்று கேட்டால், முக்கால் பங்கை லேத் மேஸ்திரிக்குக் கொடுப்பேன்.

ஓடையில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்யூல் போட்டதால் டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர்ப்ரூஃப் ஆகிவிடாது. மூடிக்குள் ஈரம் புகுந்தால் ஸ்பார்க் அங்கேயே எர்த் ஆகும், பாயிண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1950-ல் வந்த ராணுவ ஜீப் எம்38-க்கு முழுக்க மூடி அடைத்த 24 வோல்ட் இக்னிஷன் கொடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூச்சுவிட ஏர் கிளீனருக்குக் குழாய் வைத்தார்கள். நம்மிடம் அதெல்லாம் இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக இறங்குவதுதான் வழி. ஓடும் ஃபேன்தான் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் இறைக்கிறது.

பழைய பாயிண்ட் தட்டை நான் தூக்கிப் போடவில்லை. இடைவெளி சரியாக வைத்து, கண்டென்சரும் சேர்த்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர், மெல்லிய பிளேடு ஃபீலர் கேஜ் ஒன்று இவற்றோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாட்யூல் போனால் போனதுதான். மலைமேல் அதைப் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. பாயிண்ட் என்றால் தீப்பெட்டிப் பக்கத்தில் தேய்த்துக்கூட வீடு வந்து சேரலாம். இன்னொன்று, பேட்டரி செத்துப்போய் ஸ்டார்ட்டர் முக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து மாட்யூல் வேலை நிறுத்தம் செய்துவிடும். பாயிண்ட் அந்த அரைகுறைக் கரண்டிலும் ஒரு ஸ்பார்க் கொடுக்கும். முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வசதி இந்த ஜீப்பில் இருப்பதால் எனக்கு இது முக்கியம். கடைக்கார அண்ணன் இதையும் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்து டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடலாமா தம்பி?" என்றார். டிராக்டர் ஆல்டர்னேட்டர் ஒன்று ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறாராம். பிராக்கெட்டுக்கு மறுபடியும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.